பிள்ளைகளின் முகாமும் நம் கையெழுத்தும்



அரையாண்டுப் பரீட்சை முடியும் சமயத்திலும், கோடை லீவு நெருங்கும் சமயத்திலும் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். “அம்மா, இதுல கையெழுத்து போடு. செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறாங்க” என்கிறான் ஒருவன். “சாரணியர் முகாம்மா, ரெண்டு நாள் தங்கணும்” என்கிறாள் இன்னொருத்தி. திண்டிவனம், மயிலம், ஒலக்கூர், மரக்காணம், வானூர் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது இந்தத் தாளைப் பற்றிப் பல அக்காமார்கள் கேட்கிறார்கள். “இது எதுக்கும்மா? படிப்பு கெடாதா? வயசுக்கு வந்த பொண்ணை எப்படி அனுப்புறது? தண்ணியில கிண்ணியில விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?”

எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். அண்ணன் கொண்டுவந்த தாளில் உடனே கையெழுத்து விழுகிறது. தங்கச்சி கொண்டுவந்த தாள் மடிந்து சாமி படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆகவே இந்த இதழில் இந்த வெளிப்புறப் பயிற்சி என்றால் என்ன, அதில் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள், அனுப்பும் முன் நாம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை விளக்கமாகப் பார்ப்போம்.

வெளிப்புறப் பயிற்சி என்றால் என்ன?

சுற்றுலாவும் இதுவும் ஒன்றல்ல. சுற்றுலாவில் பஸ்ஸில் ஏறுகிறோம், பார்க்கிறோம், சாப்பிடுகிறோம், திரும்புகிறோம். வெளிப்புறப் பயிற்சியில் பிள்ளைகள் மலை, காடு, ஏரி, கடற்கரை ஆகிய இடங்களுக்குப் போய் அங்கே பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று செய்து பழகுகிறார்கள். கூடாரம் கட்டுவது, கயிற்றில் முடிச்சுப் போடுவது, திசை கண்டுபிடிப்பது, முதலுதவி செய்வது, அடுப்பு மூட்டிச் சமைப்பது, கூட்டமாக நடந்து யாரையும் தவறவிடாமல் திரும்பி வருவது எல்லாம் இதில் அடங்கும்.

அரசுப் பள்ளிகளில் இந்தப் பயிற்சி பல பெயர்களில் வருகிறது. சாரணர் சாரணியர் இயக்கம், தேசிய மாணவர் படை (என்.சி.சி.), நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.), இளம் செஞ்சிலுவைச் சங்கம், தேசிய பசுமைப் படை ஆகியவை முக்கியமானவை. எல்லாப் பள்ளியிலும் எல்லாமும் இருக்காது. உங்கள் பள்ளியில் எது இருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இது எப்படி ஆரம்பித்தது?

1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பேடன் பவல் என்பவர் சுமார் இருபது சிறுவர்களை ஒரு சிறு தீவுக்கு அழைத்துப் போய் முகாம் நடத்தினார். அதுதான் சாரணர் இயக்கத்தின் தொடக்கம். “எப்போதும் தயாராக இரு” என்பது அவர்களுடைய தாரக மந்திரம். 1909-ல் லண்டனில் சாரணர்களின் பெரிய கூட்டம் ஒன்று நடந்தது. அது பையன்களுக்கான கூட்டம். யாரும் அழைக்காமலேயே சில பெண் பிள்ளைகள் அங்கே வந்து நின்றுவிட்டார்கள். “எங்களுக்கும் இது வேண்டும்” என்றார்கள். அடுத்த ஆண்டே, 1910-ல், பெண் பிள்ளைகளுக்கான சாரணியர் இயக்கம் பிறந்தது. பார்த்தீர்களா சகோதரிகளே, அங்கேயும் பெண் பிள்ளைகள் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

இந்தியாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின்போது ஆரம்பத்தில் இந்தியப் பிள்ளைகளை இதில் சேர்க்கவில்லை. அப்போது சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சாரணர் அமைப்பைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு பல அமைப்புகள் ஒன்று சேர்ந்து 1950 நவம்பர் 7-ஆம் தேதி பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. அந்த இயக்கத்தின் வைர விழாப் பெருமுகாம் 2025-ஆம் ஆண்டு ஜனவரி கடைசியில் நம் தமிழ்நாட்டில், திருச்சி மாவட்டம் மணப்பாறையில்தான் நடந்தது. பல மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கூடாரத்தில் தங்கினார்கள்.

என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இவற்றில் பலவற்றை நாமும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

முடிச்சுகள்: இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சு, மரத்திலோ தூணிலோ கட்டும் முடிச்சு, ஆளின் இடுப்பில் கட்டித் தூக்கினாலும் இறுகாமல் நிற்கும் முடிச்சு என்று பல வகை உண்டு. விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் கிணற்றில் விழுந்தவரைத் தூக்க வேண்டிய நேரத்தில் இந்த முடிச்சு தெரிந்தவரின் கைதான் பயன்படும்.

திசை அறிதல்: திசைகாட்டி இல்லாமலும் திசை கண்டுபிடிக்கலாம். வெயிலில் ஒரு குச்சியை நேராக நடுங்கள். நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். இருபது நிமிடம் கழித்து நிழல் நகர்ந்திருக்கும். அந்த நுனியில் இன்னொரு கல் வையுங்கள். முதல் கல் இருக்கும் பக்கம் மேற்கு, இரண்டாவது கல் இருக்கும் பக்கம் கிழக்கு. இராத்திரியில் துருவ நட்சத்திரம் வடக்கைக் காட்டும். நம்ம ஊரில் அது தலைக்கு மேலே தெரியாது, வடக்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே தாழ்வாகத்தான் தெரியும்.

இடி மின்னல்: மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று வினாடியை எண்ண வேண்டும். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் நிற்கக் கூடாது. ஏரியிலோ கழனித் தண்ணீரிலோ இருந்தால் வெளியே வந்துவிட வேண்டும். ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கும், நடவு நடும் நமக்கும் இது மிகவும் அவசியம்.

வெயில்: உச்சி வெயிலில் நடந்து மயக்கம் வந்தால் நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, நினைவு இருந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கலாம்.

பாம்புக்கடி: நம் பகுதியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் ஆபத்தானவை. கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மந்திரிக்கப் போகும் நேரத்தில் உயிர் போய்விடும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. அந்த அளவுக்கு இது பெரிய பிரச்சினை.

நம்ம மாவட்டமே பெரிய பள்ளிக்கூடம்

ஊட்டி, கொடைக்கானல் போனால்தான் பயிற்சி என்று இல்லை. நம்மைச் சுற்றியே எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

செஞ்சிக் கோட்டை: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சேர்த்துக் கட்டிய கோட்டை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். மலை ஏறும்போது மூச்சை எப்படிச் சமாளிப்பது, தண்ணீரை எப்படி அளந்து குடிப்பது, முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பழக நல்ல இடம். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை நம் செஞ்சிதான்.

திருவக்கரை: பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் போகும் சகோதரிகளுக்கு ஊர் தெரியும். அங்கேயே கல்மரப் பூங்காவும் இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்கள் கல்லாக மாறிக் கிடக்கின்றன. மத்திய அரசின் புவியியல் ஆய்வுத் துறை அதைப் பாதுகாக்கிறது. தொட்டுப் பார்த்தால் கல், கண்ணால் பார்த்தால் மரம். புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதை அங்கே பத்து நிமிடத்தில் பிள்ளை புரிந்துகொள்கிறது.

கழுவேலி: வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி ஏரி. 2021 டிசம்பரில் சுமார் 5,151 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல் அது. பனிக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து பறவைகள் வருகின்றன. சத்தம் போடாமல் நடக்கவும், பொறுமையாக உட்கார்ந்து கவனிக்கவும் பிள்ளைகள் இங்கே பழகலாம்.

கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு: கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் பழைய காடு இன்னும் நிற்கிறது. மரம், கொடி, மூலிகை தெரிந்துகொள்ள ஏற்ற இடம். ஆரோவில்லில் உள்ள பிச்சாண்டிக்குளம் வனம் அமைப்பினர் இந்த மாதிரிக் காடுகளின் மரங்களை மீண்டும் வளர்த்து வருவதோடு, மரக்காணம் பக்கம் நடுக்குப்பத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் கல்வியும் நடத்தியிருக்கிறார்கள்.

தண்ணீர் பற்றித் தெரியாமல் இருக்கக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூன் 5-ஆம் தேதி, பக்கத்துக் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன பெண் பிள்ளைகளும் இளம் பெண்களுமாக ஏழு பேர் ஒரே நேரத்தில் மூழ்கி இறந்தார்கள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து மூழ்கினார்கள். நீச்சல் தெரியாதவர் மூழ்குகிறவரைப் பிடித்தால் இரண்டு உயிரும் போகும். பாசம் இருந்தது, தைரியமும் இருந்தது, என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். 6 வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும், தண்ணீர்ப் பாதுகாப்பும், பாதுகாப்பாகக் காப்பாற்றும் முறையும் கற்றுத்தர வேண்டும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது.

நம்ம ஊரில் ஆபத்து எங்கே இருக்கிறது? கைப்பிடிச் சுவர் இல்லாத கழனிக் கிணறு, மண் எடுத்துப் பள்ளமாகிப்போன ஏரி, வேலை நின்றுபோன கல்குவாரிக் குட்டை, தடுப்பணை, கடல். ஏரியில் போன வருஷம் முழங்கால் அளவு இருந்த இடம் இந்த வருஷம் ரெண்டு ஆள் ஆழம் இருக்கலாம். மேலே பார்த்தால் தெரியாது.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய முறை இதுதான்.

1. முதலில் கத்து. பெரியவர்களைக் கூப்பிடு.
2. கரையிலேயே படுத்துக்கொண்டு நீளமான குச்சி, மூங்கில் எதையாவது நீட்டு.
3. எட்டவில்லை என்றால் கயிறு, துப்பட்டா, புடவை, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் எதையாவது வீசு. காலி கேன் ஆளை மிதக்க வைக்கும்.
4. பயிற்சி இல்லாமல் தண்ணீரில் இறங்காதே.

வெளியே எடுத்தவரைத் தோளில் போட்டுச் சுற்றுவதும், தலைகீழாகப் பிடிப்பதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தவறு. அதில் நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்த வேண்டும், 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை ஒரு தடவையாவது பயிற்சி எடுத்துச் செய்து பழகினால்தான் அந்த நேரத்தில் கை ஓடும்.

கற்றது எப்போது உதவும்?

2004 டிசம்பர் 26 சுனாமியை மரக்காணம் கடற்கரைச் சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்குத் தாய்லாந்தில் ஒரு கடற்கரையில் 10 வயது இங்கிலாந்துப் பெண் பிள்ளை குடும்பத்தோடு இருந்தாள். கடல் நுரைத்துக்கொண்டு வித்தியாசமாக நடந்துகொள்வதைப் பார்த்ததும், இரண்டு வாரம் முன்னால் பள்ளியில் பூகோள ஆசிரியர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. “சுனாமி வரப்போகுது” என்று கத்தினாள். பெற்றோர் அதை நம்பி மற்றவர்களுக்கும் சொன்னார்கள். கடற்கரையில் இருந்தவர்கள் எல்லாம் வெளியேறித் தப்பித்தார்கள்.

இன்னொரு செய்தி. 2023 மே 1-ஆம் தேதி தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. அதில் வந்த தாயும் மற்ற பெரியவர்களும் இறந்துவிட்டார்கள். நான்கு பிள்ளைகள் மட்டும் பிழைத்தார்கள். மூத்தவள் 13 வயதுப் பெண், கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. 40 நாள் கழித்து ஜூன் 9-ஆம் தேதி நான்கு பேரையும் உயிரோடு கண்டுபிடித்தார்கள். விமானத்தில் இருந்த மரவள்ளிக்கிழங்கு மாவைச் சாப்பிட்டு, அது தீர்ந்ததும் காட்டுப் பழங்களையும் விதைகளையும் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள். எதைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது என்று அந்த மூத்த பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பழங்குடிப் பிள்ளைகள். பாட்டியும் தாயும் சொல்லிக் கொடுத்த அறிவுதான் அது.

நம்ம பகுதியில் இருளர் சமூகத்து மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாம்பு, எலி, கிழங்கு, மூலிகை பற்றி அவர்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வருகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வெளிப்புறப் பயிற்சிக்குப் பட்டணத்திலிருந்துதான் ஆள் வர வேண்டுமா? நம்ம ஊர் இருளர் பெரியவரையும், ஏரி நீர்பாய்ச்சியையும், கீரை பறிக்கும் ஆயாவையும் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தால் அவர்களும் ஆசிரியர்கள்தான். இதைப் பள்ளியில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்பலாம், அனுப்ப வேண்டும். ஆற்றில் துணி துவைப்பதும், கிணற்றில் தண்ணீர் எடுப்பதும், விறகு பொறுக்குவதும், ஆடு மேய்ப்பதும் பெரும்பாலும் யார்? நம் பெண் பிள்ளைகள்தான். ஆபத்து இருக்கும் இடத்துக்கு வேலைக்கு அனுப்புகிறோம், அந்த ஆபத்திலிருந்து தப்பிக்கும் பயிற்சிக்கு அனுப்ப மறுக்கிறோம். இது சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

“மாத விலக்கு நாளா இருந்தா என்ன பண்றது?” என்று கேட்கிறார்கள். அதற்காக முகாமை நிறுத்த வேண்டியதில்லை. நாப்கின், மாற்று உடை, பழைய துணி, ஒரு கவர் போட்டுப் பையில் வைத்து அனுப்பினால் போதும். பெண் ஆசிரியை கூட வருகிறாரா, கழிப்பறையும் தண்ணீரும் இருக்கிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

“ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க” என்றும் சொல்கிறார்கள். 1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கி, பிறகு நம் தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தபோது நாலு பேர் பேசாமலா இருந்தார்கள்? “பொம்பளைங்க பேங்குக்குப் போறாளுங்களாம்” என்று சிரித்ததை மூத்த அக்காமார்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இன்று அதே ஊரில் அந்தக் குழுவின் கடனை வாங்கித்தான் மாடு வாங்குகிறார்கள். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, ஒரு தாய், 2023 மே மாதம் எவரெஸ்ட் சிகரம் ஏறி, தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண் என்று பெயர் வாங்கினார். நம் பிள்ளை எவரெஸ்ட் ஏற வேண்டாம். ராஜகிரி ஏறட்டும் முதலில்.

பயம் நியாயமானதுதான்

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. இரண்டு சம்பவங்களை நாம் மறக்கக் கூடாது.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடை தொடங்கிக் காடு காய்ந்து கிடந்த நேரம் அது. அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. வனப் பகுதிக்குள் போக வனத்துறையின் அனுமதியும், வழிகாட்டியும் வேண்டும்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஒரு முகாம் நடந்தது. அது உண்மையான என்.சி.சி. முகாமே இல்லை. அங்கே மாணவிகளுக்குப் பாலியல் கொடுமை நடந்தது வெளியே வந்து, போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவானது. பெயர் நல்ல பெயராக இருந்தால் மட்டும் போதாது, நடத்துகிறவர் யார் என்று விசாரிக்க வேண்டும் என்பதை அது நமக்குக் காட்டியது.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. முகாமை நடத்துவது யார்? உண்மையான இயக்கத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் கல்வித் துறைக்கும் தெரியுமா? எழுத்தில் அனுமதி இருக்கிறதா?
2. எத்தனை பிள்ளைகள், கூட எத்தனை ஆசிரியர்கள்? பெண் ஆசிரியை முழு நேரமும் இருப்பாரா?
3. எங்கே தங்குகிறார்கள்? பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை உண்டா?
4. காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி இருக்கிறதா? உள்ளூர் வழிகாட்டி யார்?
5. தண்ணீரில் இறங்குவார்களா? இறங்கினால் நீச்சல் தெரிந்த பயிற்சியாளர், மிதவை, கயிறு உண்டா? இல்லையென்றால் “தண்ணீரில் இறக்கக் கூடாது” என்று தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.
6. முதலுதவிப் பெட்டி உண்டா? பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம்? செஞ்சி, திண்டிவனம், முண்டியம்பாக்கம் எதுவென்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்களா?
7. வானிலை எச்சரிக்கை வந்தால் ரத்து செய்வார்களா? 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கேள்வியை விடவே கூடாது.
8. வண்டி எது? டிராக்டர், லாரி, அளவுக்கு மீறி ஏற்றிய வேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.
9. பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருந்தால் அதை எழுதி வாங்குகிறார்களா?
10. இராத்திரி பேச ஆசிரியரின் போன் நம்பர் என்ன?

கேள்வி கேட்டால் வாத்தியார் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். நன்றாக ஏற்பாடு செய்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். பதில் சொல்லத் தடுமாறினால் நாம் கையெழுத்தை நிறுத்தி வைக்கலாம். பிள்ளையிடமும் முன்கூட்டியே பேசுங்கள். “யாராவது தப்பாத் தொட்டாலோ, தனியாக் கூப்பிட்டாலோ கத்து, ஓடி வா, வந்து என்கிட்ட சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன்” என்று சொல்லி அனுப்புங்கள். கடைசி வார்த்தைதான் முக்கியம். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளை மனப்பாடம் செய்யட்டும்.

பணத்துக்கு என்ன செய்வது?

பள்ளி வழியாக நடக்கும் பல முகாம்களுக்குக் கட்டணம் இல்லை அல்லது குறைவு. முதலில் அதைக் கேளுங்கள். கட்டணம் இருந்தால், எதற்கு எவ்வளவு என்று ரசீது கேளுங்கள். தனியார் நிறுவனம் வந்து ஆயிரக்கணக்கில் கேட்டால் அவசரப்பட்டுக் கந்துவட்டிக்கு வாங்காதீர்கள். குழுவின் உள்கடனில் கல்விச் செலவுக்கு இடம் உண்டு. சிறு தொகையாக வாங்கி மூன்று நான்கு மாதத்தில் கட்டிவிடலாம். பிள்ளையே உண்டியலில் சேர்த்தால் இன்னும் நல்லது. கழுவேலிக்கும் திருவக்கரைக்கும் போய் ஒரே நாளில் திரும்ப, டவுன் பஸ் செலவும் கட்டுச்சோறும்தான் தேவை.

நம் குழு என்ன செய்யலாம்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். அதில் நம் உறுப்பினர்கள் பலர் இருக்கிறீர்கள். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பாமல், இந்த விஷயத்தைப் பேசுங்கள்.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மான நோட்டில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, நம் ஊர்ப் பள்ளியில் சாரணியர் பிரிவோ பசுமைப் படையோ இருக்கிறதா என்று ஊக்குநரும் ஒரு பிரதிநிதியும் போய்க் கேட்டு வருவது. இல்லையென்றால் தொடங்கக் கோரி மனு கொடுப்பது.

இரண்டாவது, ஊரில் ஆபத்தான கிணறு, குட்டை, ஏரிப் பள்ளம் எத்தனை என்று பட்டியல் எடுத்து, கிராம சபையில் வேலியும் எச்சரிக்கைப் பலகையும் கேட்பது.

மூன்றாவது, தீயணைப்பு நிலையத்தினரையோ 108 ஊழியரையோ அழைத்து, குழு உறுப்பினர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி நடத்துவது. எழுதிக் கேட்டால் வருவார்கள்.

நான்காவது, முகாமுக்குப் போய் வந்த பிள்ளையைக் குழுக் கூட்டத்துக்கு வரவழைத்து, கற்றதை நமக்குச் சொல்லித்தரச் செய்வது. பத்து வயசுப் பெண் எழுந்து நின்று பன்னிரண்டு பெண்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தால் அவளுக்கு வரும் தைரியம் எந்தப் பரீட்சை மார்க்கிலும் வராது. நமக்கும் கயிறு கட்டத் தெரிந்துவிடும்.

சகோதரிகளே, பிள்ளை எப்போதும் நம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இருக்கப் போவதில்லை. கல்லூரிக்குப் போகும், வேலைக்குப் போகும், வேறு ஊருக்கு வாழப் போகும். வழியில் மழையும் வரும், இருட்டும் வரும், தண்ணீரும் வரும். அதற்குத் தயார் செய்து அனுப்புவது நம் பொறுப்பு. ஆகவே கேளுங்கள், விசாரியுங்கள், திருப்தியானால் கையெழுத்துப் போடுங்கள். மகன் தாளிலும் மகள் தாளிலும் ஒரே மாதிரி போடுங்கள்.

உங்கள் குழுவில் எடுத்த தீர்மானத்தை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
களப் பொறுப்பாளர்